இரும்புலியூர் முதல் பார்க் வரை: ரயில் தடத்தில் நுண்ணுயிரியல்

மருத்துவப் பணியாளர் படிக்கும் நுண்ணுயிரியல் மூன்று கேள்விகளைச் சுற்றி நிற்கிறது. நோயைத் தந்த கிருமி எது? அது எந்த வழியாக உடலுக்குள் வந்தது? அடுத்தவரிடம் போகாமல் அதை எங்கே மறிப்பது? கிருமியின் மரபணுவைத் துருவுவது ஆராய்ச்சியாளரின் வேலை. ஊசி போடும் செவிலியர், சளியை ஸ்லைடில் தேய்க்கும் லேப் டெக்னீசியன், அறுவைக் கருவிகளை ஆட்டோகிளேவில் ஏற்றும் உதவியாளர், வார்டைத் துடைக்கும் தூய்மைப் பணியாளர் ஆகியோருக்கு இந்த மூன்று கேள்விகளும் அன்றாடக் கடமை. இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் நுண்ணுயிரியலும் தொற்றுக் கட்டுப்பாடும் ஒரே பாடமாக மூன்றாம் பருவத்தில் வருகின்றன. வகுப்புக்கு 40 மணி நேரம், ஆய்வகத்துக்கு 40 மணி நேரம்.

அந்த 80 மணி நேரத்தில் சொல்லித்தரப்படும் செய்திகளில் பல, சென்னைக் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஓடும் புறநகர் ரயில் தடத்தின் ஓரத்தில் நடந்தவை. தொழுநோய், காசநோய், அம்மை, எச்.ஐ.வி., கோவிட் என்று ஒவ்வொன்றுக்கும் இந்தத் தடத்தில் ஒரு நிறுத்தம் உண்டு. எல்லா நிறுத்தங்களிலும் திரும்பத் திரும்பத் தென்படும் உண்மை ஒன்றுதான்: கிருமி பரவும் வழி தெரியாத காலத்தில் நோயாளியைச் சுவருக்குள் வைத்தார்கள், வழி தெரிந்த பிறகு கிருமியின் பாதையை மட்டும் அடைத்தார்கள்.

இரும்புலியூர்

தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில் இருக்கிறது இரும்புலியூர். தனி ரயில் நிலையம் கிடையாது. மதுரவாயலிலிருந்து வரும் பைபாஸ் சாலை ஜிஎஸ்டி சாலையோடு சேரும் இடம் என்பதால் வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் பழக்கம். ஏரி, ஏரியை நெருக்கி எழுந்த குடியிருப்புகள், ஓயாத லாரிகள், தண்டவாளத்துக்கு இருபுறமும் பிரிந்து கிடக்கும் தெருக்கள் என்று தென்சென்னைப் புறநகரின் எல்லா அடையாளங்களும் இங்கே உண்டு. 2021இல் தாம்பரம் மாநகராட்சியானபோது இந்தப் பகுதியும் அதன் எல்லைக்குள் வந்தது.

நர்சிங், லேப் டெக்னாலஜி படிப்பவர்களுக்கு இந்த ஊர் ஒரு நடுப்புள்ளி. தெற்கே பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி, அதற்கும் தெற்கே, 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி. வடக்கே குரோம்பேட்டை, கிண்டி, பார்க். 1937இல் நகரத்தை விட்டுக் கிழக்குத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் நுண்ணுயிரியல் பட்டப்படிப்பு உண்டு. காலை நேரத்தில் தாம்பரம் நிலையத்தின் நடைமேடைகளில் இரு திசைக்கும் மாணவர்கள் நிற்பார்கள். பாடத்தின் வரிசைக்கு முதலில் தெற்கே போவதே பொருத்தம்.

செங்கல்பட்டு: மெதுவாக வளரும் கிருமி

தாம்பரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் தாண்டி, கொளவாய் ஏரி கண்ணில் பட்டதும் செங்கல்பட்டு வந்துவிடும். ஊரை ஒட்டிய திருமணியில் இருக்கிறது மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம். 1924இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் சானடோரியமாகத் தொடங்கிய இடம் இது. 1955இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டு பயிற்சி நிலையமாக்கியது. மருத்துவ அலுவலர்களும் இயன்முறைப் பணியாளர்களும் லேப் டெக்னீசியன்களும் இங்கே பயிற்சி பெறுகிறார்கள்.

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டின் ஹேன்சன் 1873இல் கண்டார். மனிதருக்கு நோய் தரும் பாக்டீரியாக்களில் மிக முன்னதாக அடையாளம் காணப்பட்டவற்றில் அது ஒன்று. ஆனாலும் இன்றுவரை எந்தச் செயற்கை ஊடகத்திலும் அதை வளர்க்க முடியவில்லை. 1960இல் எலியின் பாதத்திலும் பிறகு ஆர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கின் உடலிலும்தான் அது வளர்ந்தது. குடலில் வாழும் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரட்டிக்கும். காசநோய்க் கிருமிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும். தொழுநோய்க் கிருமிக்கு 12 முதல் 14 நாள். தொற்றிய பிறகு நோய் வெளிப்படச் சராசரியாக ஐந்து ஆண்டு ஆவதற்குக் காரணம் இந்த மந்தமே. நோயாளியின் வீட்டாரை ஒரு முறை பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது, ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டும் என்ற விதியும் இதிலிருந்தே பிறந்தது.

கல்ச்சர் செய்ய முடியாத கிருமிக்குச் சான்று எங்கே கிடைக்கும்? தோலில். அதற்கான தோல் கீறல் பரிசோதனை பார்க்க எளிது, செய்யப் பழக்கம் வேண்டும். காது மடலையோ தேமலின் ஓரத்தையோ இரு விரலால் இறுகப் பிடித்து, ரத்தம் வடிந்து தோல் வெளுத்ததும், பிளேடால் 5 மி.மீ. நீளமும் 2 மி.மீ. ஆழமும் கீற வேண்டும். பிளேடை அப்படியே திருப்பிச் சுரண்டி, வரும் திரவத்தை ஸ்லைடில் தேய்க்க வேண்டும். பிடி தளர்ந்தால் ரத்தம் கலந்துவிடும். ரத்தம் கலந்த ஸ்மியரில் கிருமியை எண்ணுவது கடினம். சாயமேற்றும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. காசநோய்ச் சளியின் ஸ்மியரை நிறம் நீக்க 20 சதவீதக் கந்தக அமிலம் வழக்கம். தொழுநோய்க் கிருமியின் மெழுகுறை அந்த அளவைத் தாங்காது என்பதால் 5 சதவீதம் போதும். இந்த வேறுபாட்டை மறந்தால், இருக்கும் கிருமியும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

மனிதரில் மிகப் பெரும்பாலோருக்குத் தொழுநோயை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே இருக்கிறது. ரிபாம்பிசின் உள்ளே போன சில நாட்களில் நோயாளியிடமிருந்து தொற்று பரவும் வாய்ப்பு ஏறக்குறைய நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சைக்குப் பிறகு, ஊருக்கு வெளியே காலனி கட்டிப் பிரித்து வைப்பதற்கான மருத்துவக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. உணர்ச்சியிழந்த கையையும் காலையும் தீக்காயத்திலிருந்தும் புண்ணிலிருந்தும் காப்பது எப்படி என்று நோயாளிக்குக் கற்றுத்தருவதே பணியாளரின் பெரிய வேலையாகிவிட்டது.

தாம்பரம் சானடோரியம்: காற்றில் வரும் கிருமி

வடக்கே திரும்பும் ரயில் தாம்பரத்தைத் தாண்டிய அடுத்த நிலையம் தாம்பரம் சானடோரியம். ஒரு மருத்துவமனையின் பெயரே நிலையத்துக்கும் பகுதிக்கும் நிலைத்துவிட்டது. இறங்குபவர்களில் பலர் எதிரே உள்ள மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கோ, 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ போகிறவர்கள்.

சானடோரியத்தை 1928இல் நிறுவியவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்தியவர் அவர். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் கிருமியை அறிவித்துவிட்டார். ஆனால் ஸ்ட்ரெப்டோமைசின் 1940களில்தான் வந்தது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளும் கிருமி தெரிந்தும் கொல்லத் தெரியாத ஆண்டுகள். சுத்தமான காற்று, ஓய்வு, சத்தான உணவு ஆகியவையே சிகிச்சை. ஊருக்கு வெளியே மரங்கள் சூழ்ந்த திறந்தவெளி வேண்டும் என்பதால் தாம்பரம் தேர்வானது. 1937இல் சென்னை மாகாண அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அந்தக் காலத்துச் சிகிச்சையில் ஓய்வு நோயைக் குணமாக்கவில்லை. ஆனால் காற்றோட்டம் பற்றிய எண்ணம் சரியானது. காசநோயாளி இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் தரையில் விழுந்துவிடும். சிறிய துளிகள் காற்றிலேயே உலர்ந்து, 1 முதல் 5 மைக்ரான் அளவில் மிதக்கும் உட்கருக்களாகும். மணிக்கணக்கில் மிதந்து, உள்ளிழுக்கும் மூச்சோடு நுரையீரலின் காற்றறை வரை போகக்கூடியவை இவைதான். எனவே காசநோய் வார்டில் தரையை எத்தனை முறை துடைத்தாலும் போதாது; காற்று மாற வேண்டும். காற்றுவழித் தொற்றுக்கான தனியறையில் மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இயந்திரம் இல்லாத இடத்தில் எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வைப்பதே அந்த வேலையைச் செய்யும். முகக்கவசத்திலும் வேறுபாடு உண்டு. நோயாளிக்கு அறுவை முகக்கவசம். துளி வெளியே வராமல் தடுக்க அது போதும். பணியாளருக்கு முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95. மிதக்கும் உட்கரு உள்ளே வராமல் தடுக்க அது வேண்டும்.

சளி எடுப்பதும் ஒரு கலைதான். வாயில் ஊறும் எச்சில் பயன்படாது. ஆழ்ந்து மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து இருமித் துப்பிய சளி வேண்டும். ஒன்று வந்த நேரத்தில், மற்றொன்று விடியற்காலையில். துப்பும் இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். மூடிய கழிப்பறையில் துப்பச் சொல்வது அடுத்து உள்ளே போகிறவருக்குத் தொற்றைத் தருவதாகும். ஸ்மியரில் தெரிய ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமி இருக்க வேண்டும். கல்ச்சருக்குப் பத்து, நூறு கிருமியே போதும். ஆனால் முட்டை கலந்த லோவன்ஸ்டைன் ஜென்சன் ஊடகத்தில் முடிவுக்கு எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் கருவி இரண்டு மணி நேரத்துக்குள் கிருமியையும், ரிபாம்பிசினுக்கு அது எதிர்ப்புப் பெற்றிருக்கிறதா என்பதையும் சொல்லிவிடும். எந்தச் சோதனையானாலும், கேட்டு வாங்கிய சளி சரியில்லை என்றால் முடிவும் சரியாக இருக்காது.

1990களில் இந்த மருத்துவமனைக்கு இரண்டாவது வாழ்வு வந்தது. வேறு இடங்களில் சேர்க்கத் தயங்கிய எச்.ஐ.வி. நோயாளிகளைத் தாம்பரம் சேர்த்துக்கொண்டது. எச்.ஐ.வி. உள்ளவர்களைக் கொல்லும் தொற்றுகளில் முதலிடம் காசநோய்க்கு என்பதால், நெஞ்சக நோய் மருத்துவமனை அந்தச் சிகிச்சைக்கு இயல்பான இடமாயிற்று. 2004 ஏப்ரலில் மத்திய அரசு எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மருத்துவர்களும் செவிலியர்களும் இங்கே வந்து எச்.ஐ.வி. பராமரிப்பைக் கற்றுச் சென்றார்கள்.

கிண்டி: தடுப்பூசியும் குளிரும்

சானடோரியத்துக்கும் கிண்டிக்கும் இடையே ரயில் ஆறு நிலையங்களைக் கடக்கிறது. 1912இல் தொடங்கிய குரோம் தோல் தொழிற்சாலை பெயர் தந்த குரோம்பேட்டை, பல்லாவரம், விமான நிலையத்தை ஒட்டிய திரிசூலமும் மீனம்பாக்கமும், பிறகு பழவந்தாங்கல், பரங்கிமலை.

கிண்டியில் 1899இல் தடுப்பு மருந்துக் கிடங்காகத் தொடங்கியது கிங் நோய்த்தடுப்பு மருந்து மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த லெப்டினன்ட் கர்னல் டபிள்யூ.ஜி. கிங்கின் பெயரைத் தாங்கியது. பெரியம்மைக்கான தடுப்புப் பால் இங்கே கன்றுகளின் தோலில் தயாரானது. அப்போதைய பெரிய சிக்கல் அதைக் கெடாமல் ஊருக்குக் கொண்டுபோவது. இந்த வெயிலில் சில நாளிலேயே அது வலுவிழந்துவிடும். இந்த நிறுவனத்தின் இயக்குநராக இருந்த சி.ஜி. பண்டிட் பிற்பாடு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரானார். 2023 ஜூன் 15 அன்று இதே வளாகத்தில் கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது. மஞ்சள் காய்ச்சல் நாடுகளுக்குப் போகிறவர்கள் ஊசி போட்டுக்கொள்ள வருவதும் கிங் நிறுவனத்துக்குத்தான். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்தே அந்தச் சான்று செல்லும். உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக அவ்வளவு நாள் ஆகும்.

தடுப்பூசி பணியாளர் கைக்கு வரும்போது நுண்ணுயிரியல், குளிர்ச் சங்கிலி என்ற வடிவத்தை எடுக்கிறது. பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். வெப்பம் பட்டால் சில கெடும். உறைந்தால் சில கெடும். அலுமினியம் உப்பு சேர்ந்த டி.பி.டி., ஹெபடைடிஸ் பி போன்றவை உறைந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். அதனால்தான் அவற்றை ஐஸ் உறையுள்ள குளிர்சாதனப் பெட்டியின் அடியில் வைப்பதில்லை. குப்பியின் மேலுள்ள வெப்பக் கண்காணிப்புச் சதுரம் சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்துக்குக் கருத்துவிட்டால், காலாவதித் தேதி எவ்வளவு தள்ளி இருந்தாலும் அந்தக் குப்பி பயன்படாது.

கிங் நிறுவனத்தின் பக்கத்தில் 1948இல் அமைந்தது காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம். உயிருள்ள, வீரியம் குறைந்த கிருமியைக் கொண்டது பி.சி.ஜி. உறையுலர் தூளாக வரும் அதைக் கரைத்த நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும், வெளிச்சமும் படக்கூடாது. உற்பத்தி முறைகள் தரவிதிக்கு ஒத்துவரவில்லை என்று 2008இல் இந்த ஆய்வகம் உட்பட மூன்று அரசு தடுப்பூசி நிறுவனங்களின் உரிமம் நிறுத்தப்பட்டு, 2010இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. கிருமிநீக்கத்தின் விதிகள் ஆலைக்கும் பொருந்தும், ஆபரேஷன் தியேட்டருக்கும் பொருந்தும்.

பி.சி.ஜி. எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதை உலகத்துக்குச் சொன்ன ஆய்வுகளில் பெரியது அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த அந்தப் பரிசோதனையின் முடிவு 1979இல் வெளிவந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும் உடல் முழுதும் பரவும் வகையையும் அது தடுக்கிறது என்பதால் பிறந்தவுடன் போடுவது தொடர்கிறது. தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கும் செவிலியரும் காசநோய் வார்டில் என்95 அணிய வேண்டியதன் காரணம் அந்தச் செங்கல்பட்டு முடிவில் இருக்கிறது.

2020இல் கோவிட் வந்தபோது தமிழ்நாட்டில் முதலில் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை நடந்த ஆய்வகங்களில் கிங் நிறுவனமும் ஒன்று. மூக்கின் பின்புறம் வரை குச்சியைச் செலுத்தி, சில நொடி சுழற்றி எடுத்து, வைரஸ் ஊடகத்தில் போட்டு, மூன்றடுக்குப் பொதியில் குளிரோடு அனுப்பும் வேலையை அந்த ஆண்டில் ஆயிரக்கணக்கான பணியாளர்கள் கற்றார்கள். மரக்குச்சியும் பருத்திப் பஞ்சும் கூடாது. அவற்றிலுள்ள பொருள்கள் பி.சி.ஆர். வினையைக் கெடுக்கும்.

சேத்துப்பட்டு: வீடா, சானடோரியமா

கிண்டியை விட்டு சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம் தாண்டினால் சேத்துப்பட்டு. இங்கே 1956இல் தொடங்கியது காசநோய் வேதிச்சிகிச்சை மையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கின. இன்று அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் இந்த மையம் எடுத்துக்கொண்ட முதல் கேள்வி துணிச்சலானது. மாத்திரை வந்துவிட்ட பிறகும் சானடோரியம் வேண்டுமா? சென்னையின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வோடும் நல்ல உணவோடும் ஓராண்டு சிகிச்சை பெற்றார்கள். மற்றவர்கள் நெருக்கடியான வீடுகளிலேயே, போதாத உணவோடு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டே, அதே ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும் சாப்பிட்டார்கள். 1959இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டில் இருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் வரவில்லை. அவர்களுக்குத் தொற்று வந்ததென்றால், அது சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே வந்திருந்தது.

உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இந்தச் சென்னை ஆய்வு முக்கியமான காரணம். தாம்பரத்தில் எழுந்த கட்டடத்தின் மூலக் கருத்தை அதே ரயில் தடத்தின் இன்னொரு நிறுத்தம் மாற்றியது. படுக்கைக்குப் பதிலாக மாத்திரை விடாமல் போய்ச் சேருவதே சிகிச்சையின் மையமாயிற்று. பணியாளர் பார்க்க நோயாளி மருந்து விழுங்கும் நேரடிக் கண்காணிப்பு முறையும் இங்கே செய்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதை இன்னொரு படி நகர்த்தியிருக்கிறது. நோய் உறுதியானவுடனே எடைக் குறியீடு, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்கும் திறன் ஆகியவற்றைப் பணியாளர் பார்த்து, நிலை மோசமானவர்களை மட்டும் மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு செய்கிறார்.

சேத்துப்பட்டு இன்னொரு காரணத்துக்காகவும் இந்தப் பாடத்தில் இடம்பெற வேண்டும். கணித மேதை ராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று இறந்தது இங்கேதான். 1914இல் அவர் இங்கிலாந்து போன கப்பலில் உடன் பயணித்தவர் சானடோரியத்தை நிறுவிய சௌரிமுத்து. 1917இல் நோயுற்றபோது ராமானுஜன் சிகிச்சைக்குப் போன இடங்களில் சௌரிமுத்துவின் மெண்டிப் சானடோரியமும் ஒன்று. காசநோய் என்றே அவருக்குச் சிகிச்சை நடந்தது. ஆனால் 1994இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது கல்லீரலில் அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். முன்பு வயிற்றுக்கடுப்பால் அவதிப்பட்டவர் ராமானுஜன். அந்த அமீபாவுக்கு அன்றே எமெட்டின் என்ற மருந்தும் இருந்தது. யங் சொன்னது உறுதியானதல்ல, ஊகமே. ஆனாலும் அறிகுறியை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்டினால் என்ன ஆகும் என்று வகுப்பில் விளக்க இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

எழும்பூர்: கை

அடுத்த நிலையம் எழும்பூர். இங்குள்ள மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து வியன்னாவில் செம்மல்வைஸ், பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சலைக் கண்டு மருத்துவர்களையும் மாணவர்களையும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தார். சாவுகள் சட்டெனக் குறைந்தன. பிணவறையிலிருந்து பிரசவ அறைக்குக் கிருமியைச் சுமந்து சென்றவை மருத்துவர்களின் கைகளே என்ற உண்மையை அன்று பலர் ஏற்கவில்லை. கிருமி என்ற கருத்தே அப்போது நிலைபெறவில்லை.

இன்று கைசுத்தத்துக்கு ஐந்து தருணங்கள் வகுக்கப்பட்டுள்ளன: நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்டபின். ஆல்கஹால் தேய்ப்புக்கு 20 முதல் 30 வினாடி; சோப்புக்கு 40 முதல் 60 வினாடி. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தாலும், வித்து உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் வகைக் கிருமியால் வயிற்றுப்போக்கு இருந்தாலும் ஆல்கஹால் போதாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். கையுறை அணிந்தாலும் கழற்றிய பின் கைகழுவ வேண்டும்.

பார்க்: ரத்தத்தின் வழி

எழும்பூரை அடுத்த பார்க் நிலையத்தின் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் சென்னை மருத்துவக் கல்லூரியும். 1664இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கிய மருத்துவமனை அது. கல்லூரியின் வேர் 1835. 1903இல் இங்கே பணியாற்றிய சார்லஸ் டோனோவன், காலா அசார் நோயாளியின் மண்ணீரலிலிருந்து எடுத்த திரவத்தில் ஒரு ஒட்டுண்ணியைக் கண்டார். அதே காலத்தில் லீஷ்மனும் அதைக் கண்டிருந்ததால் லீஷ்மேனியா டோனோவானி என்று இருவர் பெயரும் அதற்கு நிலைத்தன.

இந்தக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் 1985இன் இறுதியில் தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வுத் தலைப்பாக எய்ட்ஸைத் தந்தார். இந்தியாவில் அந்த நோய் இல்லை என்று எல்லாரும் நம்பிய நேரம். நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடமிருந்து ரத்த மாதிரி சேகரித்தார். கையுறையோ வேறு பாதுகாப்போ அவரிடம் இல்லை. சென்னையில் எலைசா என்ற ரத்தச் சோதனைக்கு வசதி இல்லாததால் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கே டி. ஜேக்கப் ஜான் பிரிவில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் தெரிந்தது. மறுபடி ரத்தம் எடுத்து அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் முறையில் உறுதி செய்தார்கள். 1986 மே மாதம் சட்டமன்றத்தில் அமைச்சர் எச்.வி. ஹண்டே அறிவித்தார். முதல் சோதனையில் சந்தேகம், வேறு முறையில் உறுதி என்ற வரிசை இன்றைய எச்.ஐ.வி. சோதனைகளிலும் தொடர்கிறது.

அந்த நிகழ்வின் இன்னொரு பக்கத்தையும் மாணவர் படிக்க வேண்டும். எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. இன்று அப்படிச் செய்ய முடியாது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், விளக்கிச் சொல்லிப் பெற்ற ஒப்புதல் இல்லாமல் சோதனை செய்வதையும் முடிவை வெளியிடுவதையும் தடுக்கிறது. நோயாளியைப் பிரித்து வைப்பதும் சிகிச்சை மறுப்பதும் அந்தச் சட்டம் தடைசெய்த பாகுபாடு. அதே சட்டம் பணியாளரையும் காக்கிறது: பொதுவான பாதுகாப்பு முறைகளுக்கான பொருள்களையும் பயிற்சியையும், ஊசி குத்தினால் தரவேண்டிய மருந்தையும் மருத்துவமனை கொடுத்தே ஆக வேண்டும்.

பொதுவான பாதுகாப்பு முறை என்பது எல்லார் ரத்தத்தையும் தொற்றுள்ள ரத்தமாகவே கருதிக் கையாள்வது. நோயாளியின் படுக்கையில் அடையாளம் ஒட்டுவதை இது தேவையற்றதாக்கியது. தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்; ஹெபடைடிஸ் சி சுமார் 2 சதவீதம்; தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி 30 சதவீதம் வரை. எண்களின் வரிசையே முதலில் செய்ய வேண்டியதைக் காட்டுகிறது: பணியில் சேரும்போதே 0, 1, 6 மாதங்களில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. ஊசி குத்திவிட்டால் பிசையவோ வாயில் வைக்கவோ கூடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி உடனே தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

ஊசியின் பயணம் குப்பைத் தொட்டியில்தான் முடிகிறது. 2016ஆம் ஆண்டின் உயிரியல் மருத்துவக் கழிவு விதிகளின்படி உடல் பாகமும் ரத்தம் தோய்ந்த பஞ்சும் மஞ்சள் பையில், பிளாஸ்டிக் குழாயும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் சிவப்பில், ஊசியும் பிளேடும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடி நீலத்தில். ஊசியை மறுபடி மூடியில் செருகுவது கூடாது. குத்துகளில் பல அந்த நொடியில்தான் நேர்கின்றன. இதைப் பின்பற்றினால் செவிலியரோடு சேர்ந்து, ஆய்வகத்தின் பக்கமே போகாத தூய்மைப் பணியாளரும் காப்பாற்றப்படுவார். பாடத்திட்டத்தில் நுண்ணுயிரியலோடு தொற்றுக் கட்டுப்பாட்டைச் சேர்த்ததன் நோக்கமும் இதுதான்.